ரப்பர் பேண்டு போட்ட கார்டுகள்

ஜப்பான்காரன் வட்டிப் பணம் கேட்டு வந்தாலும் ஷூவைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான். முட்டி போட்டு உட்காருகிறான். குனிந்து வணக்கம் சொல்கிறான். கொடுத்த டீயை முழுசாகக் குடிக்கிறான். அதற்கப்புறம்தான், உன் மகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள் என்று கேட்கிறான்.

என் கொழுந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பார்த்துக்கொண்டிருந்த ஒரு தொடரில் இந்தக் காட்சி வந்தது. வட்டிக்கு விடும் ஒரு கும்பலைப் பற்றிய கதை. தமிழில் டப்பிங் செய்திருந்தார்கள். அதில் வருகிற ரவுடிகள் எல்லாரும் செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரிப் பேசினார்கள். "தாங்கள் தவணையைத் தவறவிட்டீர்கள்" என்று ஒருத்தன் சொன்னபோது என் வீட்டுக்காரர் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். எங்கள் பக்கத்துத் தண்டல்காரன் இப்படிப் பேசினால் பயந்துபோய் எல்லாரும் கட்டிவிடுவார்கள் என்றார்.

நானும் சிரித்தேன். ஆனால் எனக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. அதைவிட, கொழுந்தன் அதைப் பார்த்த விதம் பிடிக்கவில்லை. அவன் சிரிக்கவே இல்லை. பரீட்சைக்குப் படிக்கிறவன் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அப்போது நாங்கள் புதுவாயலில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். இரண்டு அறை, பொதுக் குழாய், மாடியில் துணி காயப்போட்டால் ஒரு மணி நேரத்தில் கரி படிந்துவிடும். வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையில் இருந்தார். நான் பிளாஸ்டிக் பக்கெட், மூடி எல்லாம் செய்கிற கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தேன். ரொம்ப வருடம் இருந்ததால் கம்பெனிக் கணக்கிலேயே சம்பளம். கொழுந்தன் கார் பாகம் செய்கிற வேறொரு கம்பெனியில் காண்டிராக்ட் ஆள். எனக்குக் கல்யாணமாகித் திருப்பாச்சூர் பக்கத்தில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவன் டவுசர் போட்ட பள்ளிக்கூடப் பையன். வளர்ந்து வேலைக்கு வந்த பிறகும் எங்களோடுதான் இருந்தான். நல்லவன். ஆனால் நல்லவன் என்று ஊர் சொல்கிற ஆளைத்தான் எவனும் முதலில் இழுத்துக்கொண்டு போவான். அதுதான் என் பயம்.

நான் சந்தேகக்காரி. இதை நான் மறைத்ததில்லை. சாமியே நேரில் வந்து நின்றாலும் ஆதார் கார்டைக் காட்டு என்பாய் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். சொல்லட்டும். அந்த வருடம் வீட்டில் சந்தேகப்படுவதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன்.

தொடரில் கொஞ்ச நாள் கழித்து இன்னொரு காட்சி வந்தது. லேத் பட்டறை வைத்திருக்கிற ஒருத்தனால் கடனைக் கட்ட முடியவில்லை. அவனை அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பெரியவர் ஒருத்தர் அவன் தோளில் கைபோட்டு, நீ கட்ட வேண்டாம், பக்கத்துத் தெருவில் இருக்கிறவர்களிடம் போய் நீ வசூல் பண்ணிக்கொண்டு வா, உன்னுடையதைக் கழித்துக்கொள்ளலாம் என்கிறார். கொழுந்தன் அந்த இடத்தில் போனை நிறுத்தினான். போர் அடிக்கிறது என்றான். இரண்டு மாதமாகப் போர் அடிக்காத கதை அந்த நிமிஷத்தில் எப்படிப் போர் அடித்தது என்று நான் கேட்டேன். எழுந்து குழாயடிக்குப் போய் முகம் கழுவினான்.

அவன் கார்டு எங்கே என்ற கேள்வி எனக்கு அன்றைக்குத்தான் வந்தது.

இதைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் கடன் எப்படி நடக்கும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். நகை வேண்டாம், பத்திரம் வேண்டாம், கையெழுத்துகூட வேண்டாம். சம்பளம் ஏறுகிற ஏடிஎம் கார்டைக் கொடுத்தால் போதும். கூடவே ரகசிய நம்பரைச் சொல்ல வேண்டும். அது ஒன்றும் ரகசியம் இல்லை, முக்கால்வாசிப் பேருக்குப் பிறந்த வருடம்தான். சம்பளம் விழுகிற அன்றைக்குக் கடன் கொடுத்தவரே ஏடிஎம்முக்கு வந்து, வட்டியை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உன் கையில் கொடுப்பார். கார்டு அவரிடமே இருக்கும். அசல் அடைகிற வரைக்கும் உன் சம்பளத்தை அடுத்தவன் கையால்தான் வாங்குவாய்.

எங்கள் பகுதியில் இதைச் செய்தவரைக் கார்டுக்காரர் என்றே சொல்வோம். நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஆந்திரா பார்டர் பக்கத்து ஆள், எல்லா ஆண்களையும் நைனா என்பார். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, சாவு, எதுவானாலும் முதலில் வந்து நாற்காலி எடுத்துப் போடுகிறவர் அவர்தான். சம்பளத்தன்று நெடுஞ்சாலை ஓரத்து ஏடிஎம்மில் நிற்பார். கையில் ரப்பர் பேண்டு போட்ட கார்டுக் கட்டு இருக்கும். ஒவ்வொன்றாகச் சொருகி எடுப்பார். பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். காவலாளி மட்டும் அவருக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுவந்து கொடுப்பான்.

கொழுந்தனிடம் கார்டைக் கேட்டேன். உடைந்துவிட்டது, பேங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறேன் என்றான். அடுத்த மாதமும் அதையே சொன்னான். ஒரு கார்டு அத்தனை நாளாகவா உடைந்துகொண்டிருக்கும்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சின்னப் பையனா அவன், விடு என்றார். எனக்கு விட முடியவில்லை. ஏனென்றால் அவன் கடன்காரன் மாதிரி இல்லை. கடன் வாங்கினவன் இளைத்துப்போவான், டீக்கடையைச் சுற்றிக்கொண்டு வேறு வழியாக வருவான். இவன் அடுத்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தான். போன் வந்தால் வெளியே போய்ப் பேசினான். கடன் இருக்கிறவனுக்கு அது குறைந்துகொண்டே வந்தால் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவன் முகம். சம்பளமோ அதே சம்பளம். எப்படிக் குறைகிறது? அந்த லேத் பட்டறைக்காரனை நான் மறக்கவில்லை. கடனைக்கூட அடைத்துவிடலாம். அவர்களில் ஒருத்தனாக இவன் ஆகிவிட்டால் அப்புறம் பிடுங்கவே முடியாது. அதற்கு முன்னால் பிடுங்க வேண்டும். எனக்கு வேறு யோசனையே இல்லாமல் போனது.

எங்கள் பேக்கிங் லைனில் ஆர்.கே.பேட்டையிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். பக்கத்துத் தெரு விடுதியில் தங்கியிருந்தாள். அவளும் காண்டிராக்ட் ஆள்தான். கொழுந்தன் கம்பெனிக்கு ஆள் கொடுக்கிற அதே காண்டிராக்டர்தான் எங்கள் கம்பெனிக்கும் கொடுத்தார். இரண்டு வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவள். என் குழம்பை அவள் வாங்கிக்கொள்வாள், அவள் ஊறுகாயை நான் வாங்கிக்கொள்வேன். திடீரென்று சாப்பாட்டு நேரத்தில் வேறு பக்கம் போய் உட்கார ஆரம்பித்தாள். நான் உள்ளே போனால் பேச்சை நிறுத்தினாள். என் டிபன் டப்பாவின் மூடி காணாமல் போயிருந்த நேரம் அது. மூடிக்காகத்தான் முகம் கொடுக்காமல் இருக்கிறாள் என்று நினைத்து, கை கழுவுகிற இடத்தில் நிறுத்தி நேராகவே கேட்டேன்.

"மூடியா?" என்றாள். "உங்க மூடிய வெச்சிக்கினு நான் இன்னாக்கா பண்ணப்போறேன்?"

"அப்ப ஏன் மூஞ்ச திருப்பிக்கினு போற?"

கொஞ்ச நேரம் கையையே தேய்த்துக் கழுவினாள். பிறகு சொன்னாள்.

"உங்க கொழுந்தனார்தான்க்கா என்ன இட்டுனு போய் கார்டுக்காரர்கிட்ட சேர்த்து வுட்டாரு. உங்களாண்ட எப்டி சொல்றது?"

அவளுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. தாய்மாமன் இல்லாத வீட்டில் சீர் வரிசை யார் செய்வது என்று அக்கா மாமியார் வீட்டில் ஒரு மாதிரிப் பேசியிருக்கிறார்கள். சம்பாதிக்கிற சித்தி நான் இருக்கிறேன், மாமன் சீரை நானே செய்கிறேன் என்று இவள் வீம்பாகச் சொல்லிவிட்டாள். தட்டு, வேட்டி, புடவை, குழந்தைக்குக் கம்மல் என்று ஆகிவிட்டது. அதற்குத்தான் கடன். நூற்றுக்குப் பத்து, மாதத்துக்கு. என் கொழுந்தன்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு போய், நம்ம பொண்ணு, நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறான்.

அப்படி எத்தனை பேரைச் சேர்த்துவிட்டான் என்று கேட்டேன். அவள் விடுதியில் மட்டும் நாலைந்து பேர் என்றாள்.

எனக்கு நின்ற இடத்தில் உடம்பு எரிந்தது. கார்டை நீ ஏன்டி கொடுத்தாய் என்று அவளைத்தான் முதலில் திட்டினேன். அதற்கு அவள் சொன்னதுதான் எனக்குப் புரியவில்லை.

"நான் எங்கக்கா குட்த்தேன்? என் கார்ட நான் கண்ணாலயே பாத்ததில்ல."

வேலைக்குச் சேர்ந்த அன்றைக்குக் காண்டிராக்டர் ஆபீசில் ஒரு கட்டுப் பாரத்தைக் கொடுத்து, கையெழுத்துப் போடு என்ற இடத்தில் எல்லாம் போட்டிருக்கிறாள். பேங்க் கணக்கு அவர்களே மொத்தமாகத் திறந்தார்கள். கார்டு தபாலில் ஆபீசுக்குத்தான் வரும். அதுவரைக்கும் சம்பளத்தை ஆபீசிலேயே எடுத்துக் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், இவளும் வாங்கிக்கொண்டிருந்தாள். கார்டு வந்துவிட்டதா என்று கேட்கவில்லை. கடன் என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை பார்த்தால், அவள் பெயர் போட்ட கவர் ஏற்கெனவே கார்டுக்காரர் பையில் இருந்ததாம். பிரிக்காத கவர். அதை அவள் கண்ணுக்கு முன்னால் பிரித்தாராம். அவளுக்கு அது வித்தியாசமாகத் தெரியவில்லை. சீர் தட்டு கண்ணை மறைத்துவிட்டது.

காண்டிராக்டர் ஆபீசுக்கு வந்த கவர் இவர் பைக்கு எப்படி வந்தது? இந்த ஒரு கேள்வி என் மண்டையில் உட்கார்ந்துவிட்டது. இன்னொன்றும் உறுத்தியது. போனஸ் விழுந்தது, ஓவர்டைம் விழுந்தது எல்லாம் ஆட்களுக்குத் தெரிவதற்கு முன்னாலேயே கார்டுக்காரருக்குத் தெரிந்துவிடும். தீபாவளிக்கு முன்னால், "நைனா, உங்களுக்குப் போனஸ் ஏறிடுச்சி" என்று அவர் சொல்லித்தான் பாதிப் பேருக்குத் தெரிந்தது. நல்ல செய்தி சொன்னார் என்று அவருக்கு நன்றி வேறு சொன்னார்கள்.

கொழுந்தனிடம் நான் உடனே கேட்கவில்லை. கேட்டால் பொய் சொல்வான், பொய்க்கு வீட்டுக்காரர் தலையாட்டுவார். ஒரு நாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அந்தப் பெண்ணை இழுத்துக்கொண்டு கும்மிடிப்பூண்டியில் அவள் கணக்கு இருந்த பேங்குக்குப் போனேன். அவள் ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் பயந்தாள். பாஸ்புக் இல்லையே என்றாள். உன் மூஞ்சி இருக்கிறது, ஆதார் இருக்கிறது, போதும் என்றேன்.

கவுன்டரில் இருந்த அம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தார். கார்டு தொலைந்துவிட்டது என்று நான் சொன்னேன். பொய்தான். அந்தக் கார்டு எங்கே இருக்கிறது என்பது கும்மிடிப்பூண்டிக்கே தெரியும். அந்த அம்மா கம்ப்யூட்டரைப் பார்த்து, பழைய கார்டை நிறுத்திவிடலாம், புதியதுக்கு உங்கள் போனுக்கு நம்பர் ஒன்று வரும், சொல்லுங்கள் என்றார். நாங்கள் காத்திருந்தோம். வரவில்லை. மறுபடி அனுப்பினார். வரவில்லை.

இந்த நம்பர் உங்களுடையதுதானே என்று கடைசி நாலு எண்ணைப் படித்தார்.

அது அவள் நம்பர் இல்லை. அவள் வீட்டில் யாருடைய நம்பரும் இல்லை. அந்த அம்மா கம்ப்யூட்டரை மறுபடி ஒரு தடவை பார்த்தார். பிறகு குரலைக் குறைத்து, போன வாரம் இன்னொரு பெண்ணும் இதே மாதிரி வந்தது என்றார். அவ்வளவுதான் சொன்னார். நம்பரை மாற்ற எழுதி வாங்கிக்கொண்டார், பெருவிரல் வைக்கச் சொன்னார், கார்டை நிறுத்தினார். நான் அந்தக் கடைசி நாலு எண்ணைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

சாயங்காலம் கொழுந்தன் ஷிப்ட் முடிந்து வந்தான். வீட்டுக்காரரும் இருந்தார். நாஷ்டாவுக்கு வாங்கிவந்த போண்டாவைப் பிரித்துக்கொண்டிருந்தான். நான் கையை அவன் முகத்துக்கு முன்னால் விரித்தேன்.

"இது யார் நம்பருடா?"

போனை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. அவனுக்கு மனப்பாடம். கையிலிருந்த போண்டாவைப் பேப்பரிலேயே திரும்ப வைத்தான்.

"உனக்கு எப்டி அண்ணி தெரியும் இந்த நம்பரு?"

"அந்தப் பொண்ணு பேங்க் கணக்குல இருக்குது. சம்பளம் விழுந்தா கார்டுக்காரர் போனுக்குத்தான் மெசேஜ் போவுது. உன் கணக்குல எந்த நம்பரு இருக்குதுன்னு போய்ப் பாத்தியா?"

அவன் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அப்புறம்தான் எல்லாம் வந்தது. காண்டிராக்டர் ஆபீஸ் சூப்பர்வைசர் ஒருத்தர், உன்னைக் கம்பெனி ரோலில் ஏற்றிவிடுகிறேன், கொஞ்சம் செலவாகும் என்று இவனிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் பக்கத்தில் இதுதான் பெரிய ஆசை. நிரந்தரம் என்ற ஒரு வார்த்தைக்கு நிலத்தை விற்றவர்கள் இருக்கிறார்கள். பணம் இல்லை என்றதும் அந்தச் சூப்பர்வைசரே கார்டுக்காரரிடம் அனுப்பியிருக்கிறார். அண்ணனுக்கும் அண்ணிக்கும் சொல்லாமல், நிரந்தரமான பிறகு ஸ்வீட் பாக்ஸோடு வந்து சொல்லலாம் என்று இருந்திருக்கிறான். கம்பெனி ரோல் வரவில்லை. வட்டி மட்டும் ஏறியது. அப்போதுதான் கார்டுக்காரர் தோளில் கைபோட்டு, ஒரு ஆளைக் கொண்டுவந்தால் உனக்கு ஒரு மாத வட்டி கிடையாது நைனா என்றாராம்.

வீட்டுக்காரர் கையை ஓங்கினார். நான் தடுத்தேன். அடித்துவிட்டால் அவர் கோபம் தீர்ந்துவிடும், விஷயம் தீராது.

கொழுந்தன் சுவரைப் பார்த்துக்கொண்டே கணக்குப் போட்டான். அவன் வாய் அசைந்தது.

"அப்ப நான் கார்டுக்காரர்கிட்ட வாங்கி சூப்பர்வைசர்கிட்ட குட்த்த துட்டு..."

"மறுபடி கார்டுக்காரர்கிட்டயே போயிருக்கும். ஆபீஸ்லேர்ந்து கவரு அவர்கிட்ட போவுது, அவர் துட்டு உன் கையால ஆபீஸுக்குப் போய் அவர்கிட்டயே திரும்புது. நடுவுல நீ மட்டும்தான் நெசமா வட்டி கட்டுன."

இதைச் சொன்னபோது எனக்கு நிரூபிக்க ஒன்றும் இல்லை. சந்தேகம்தான். இன்றைக்கும் நிரூபணம் இல்லை. ஆனால் அவன் முகம் விழுந்த விதத்தில் எனக்கு அது போதும் என்று இருந்தது. ஏமாற்றினார்கள் என்பதைவிட, ஏமாந்துகொண்டே அடுத்தவர்களை அழைத்துக்கொண்டு போனோம் என்பதுதான் அவனை உட்கார வைத்தது. அந்தப் பெண் இனிமேல் என்ன செய்வாள் என்று கேட்டான். முதலில் நீ என்ன செய்வாய் என்று சொல் என்றேன். சொல்லவில்லை. போண்டாவை அப்படியே விட்டுவிட்டு வெளியே போனான், எங்கே போகிறான் என்று வாசலில் நின்று பார்த்தேன்.

சம்பள நாள் வந்தது. அவள் கார்டு ஏடிஎம்மில் வேலை செய்யவில்லை. பொறுப்பு ஏற்றவன் என் கொழுந்தன். கேள்வி அவன் மேல்தான் வரும் என்று தெரிந்தேதான் கார்டை நிறுத்த வைத்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கார்டுக்காரர் போன் செய்து, புதுவாயல் கூட்டுரோட்டு டீக்கடைக்கு வா நைனா என்றார். அண்ணியையும் இட்டுனு வா என்றாராம். வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து இன்னும் வந்திருக்கவில்லை. நான் போனேன்.

கடையில் கூட்டம். லாரிக்காரர்கள், பீகார்ப் பையன்கள், இட்லிக்கு நிற்கிறவர்கள். கார்டுக்காரர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். டீ சொன்னார். எனக்குச் சர்க்கரை கம்மியா என்று கேட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். என்னால் நன்றாகக் கத்த முடியும்.

"உங்க அண்ணி கெட்டிக்காரங்க நைனா. பேங்க் வரைக்கும் போறாங்க" என்றார், அவனைப் பார்த்து. பிறகு என்னைப் பார்த்தார். "ஏம்மா, அந்தப் பொண்ணுக்குக் கஷ்டத்துல நான் குட்த்தேன். தப்பா?"

நான் டீயைத் தள்ளி வைத்தேன்.

அவர் பையிலிருந்து கார்டுக் கட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். தடியாக இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த மேஜை, பக்கத்தில் சட்னி வாளி. அத்தனை பேர் சம்பளம் அங்கே கிடந்தது.

"எனக்கும் வயசாவுது. வெயில்ல நிக்க முடியல. இனிமே சம்பளத்தன்னிக்கு நீ நில்லு நைனா. கட்டு உன்னாண்டயே இருக்கட்டும், மாசாமாசம் கைக்கு டப்பும் குடுக்கறேன். உன் கடன் இன்னியோட முடிஞ்சிச்சி. அந்தப் பொண்ணுதையும் நான் கேக்கல. அண்ணிக்கும் சந்தோசம். இன்னா சொல்ற?"

தொடரில் வந்த பெரியவர் இவ்வளவு நன்றாகப் பேசவில்லை. கடன் இல்லை, அந்தப் பெண்ணுக்கும் விடுதலை, கைக்கு மாதாமாதம் டப்பு. ஒரே ஒரு ரப்பர் பேண்டை அவன் பிடித்துக்கொண்டால் போதும். எனக்கே ஒரு கணம் ஆசை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன். நான் கொழுந்தனையே பார்த்தேன். அவன் கை மேஜை மேல் இருந்தது. கட்டுக்கு ஒரு சாண் தூரத்தில். அந்தக் கையை நான் நம்பவில்லை. பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது என் கையைப் பிடித்துச் சாலையைத் தாண்டின கைதான். அப்படியும் நம்பவில்லை.

கை நகர்ந்தது. கட்டை எடுக்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். எடுக்கவும் எடுத்தான். ரப்பர் பேண்டைக் கழற்றி, கார்டுகளை மேஜையில் சீட்டுக்கட்டு மாதிரி பரப்பி, தன் பெயர் போட்ட கார்டைத் தேடி எடுத்துச் சட்டைப் பையில் வைத்தான். மிச்சத்தை அப்படியே விட்டான்.

"அசல கட்டிர்றேண்ணா. வட்டி இதுவரிக்கும் குட்த்தது போதும். ஆள் சேக்கறது, நிக்கறது, அதெல்லாம் நம்மால ஆவாது."

கார்டுக்காரர் சிரித்தார். சிதறிக் கிடந்த கார்டுகளைப் பொறுமையாகச் சேர்த்தார். பக்கத்து மேஜை ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பீகார்ப் பையன் எழுந்துவந்து, குனிந்து, தன் கார்டு அதில் இருக்கிறதா என்று உற்றுப் பார்த்தான். அவனைப் பார்த்ததும்தான் அவர் சிரிப்பு நின்றது.

"யோசிச்சிப் பேசு நைனா. பேஜாரா பூடும்."

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். உள்ளங்கையில் எழுதினது எப்போதோ அழிந்துவிட்டது. ஆனால் நாலு எண்ணும் எனக்கு மனப்பாடம். அதைச் சத்தமாகச் சொன்னேன். கடை முழுக்கக் கேட்டிருக்கும்.

"இந்த நம்பரு எத்தினி பேரு பேங்க் கணக்குல இருக்குதுன்னு பேங்க்ல கேட்டா சொல்லுவாங்களாமே" என்றேன். "எழுதிக் குட்த்தா எழுதியே குடுப்பாங்களாம்."

யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. நான் எங்கும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. எழுதிக் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாம் என்றால், அங்கே போன பொங்கலுக்கு இவர்தான் நாற்காலி வாங்கிக் கொடுத்தார். ஆனால் நான் எழுதிக் கொடுத்தேனா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. என் முகத்தை அவர் ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை வருடம் எல்லாரையும் சந்தேகப்பட்டே காலம் தள்ளினவள் நான். அன்றைக்கு ஒருத்தர் என்னைச் சந்தேகப்பட்டது நன்றாகத்தான் இருந்தது. அந்தச் சந்தேகத்தை அவரிடமே விட்டுவிட்டு எழுந்தேன். டீக்கு நானே காசு கொடுத்தேன்.

மறுநாள் கொழுந்தனைக் கம்பெனி கேட்டில் நிறுத்திவிட்டார்கள். இனிமேல் வர வேண்டாம் என்று காண்டிராக்டர் ஆபீசில் சொல்லிவிட்டார்களாம். காரணம் கேட்டதற்கு, ஆள் குறைப்பு என்றார்களாம். அதே வாரம் அந்த இடத்துக்குப் புது ஆள் எடுத்தார்கள். கத்தியும் இல்லை, அடியாளும் இல்லை. ஒரு போன், அவ்வளவுதான் அவர்களுக்குச் செலவு.

அவன் பைக்கை விற்றான். திருப்பாச்சூர் நிலத்தில் அந்தப் போகம் வந்த நெல்லில் வீட்டுக்காரர் பங்கையும் போட்டோம். அசலை வீட்டுக்காரர் நேரில் போய்க் கொடுத்தார். கார்டுக்காரர் எண்ணி வாங்கிக்கொண்டு, தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்தாராம். ஆர்.கே.பேட்டைப் பெண்ணுக்குப் புதுக் கார்டு வந்தது. அசலைக் கொஞ்சம் கொஞ்சமாக அவளே கட்டினாள், வட்டி இல்லாமல். என் பக்கத்தில் வந்து சாப்பிட ஆரம்பித்தாள். விடுதியில் மற்றப் பெண்கள் பேங்குக்குப் போனார்களா என்று கேட்டேன். இரண்டு பேர் போனார்கள் என்றாள். மற்றவர்கள் பயந்துவிட்டார்கள். காதுகுத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாளைக்கு வேறு யார் கொடுப்பார்கள் என்று கேட்டார்களாம். கார்டுக்காரர் இன்றைக்கும் சம்பளத்தன்று நிற்கிறார். கட்டு கொஞ்சம் மெலிந்திருக்கிறது என்கிறார்கள். நான் பார்க்கவில்லை.

கொழுந்தன் இப்போது ஆந்திரா பார்டர் தாண்டித் தடா பக்கம் ஒரு கம்பெனிக்குப் போகிறான். அங்கேயும் காண்டிராக்ட்தான். சேர்ந்த அன்றைக்குப் பாரத்தில் போன் நம்பர் எழுதுகிற இடத்தைத் தானே எழுதியதாகச் சொன்னான். சொன்னதை நம்பவில்லை. அவனோடு பேங்குக்குப் போய் அந்த நம்பரைக் கேட்டுவிட்டுத்தான் வந்தேன். சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்காரருக்குக் கோபம். அவன் திருந்திவிட்டான், இன்னும் எத்தனை நாளைக்கு அவனைத் திருடன் மாதிரிப் பார்ப்பாய் என்றார். நான் திருடன் என்று சொல்லவே இல்லை. நல்ல விதமாகப் பேசுகிற ஒருத்தர் மறுபடி தோளில் கைபோட்டால் இவன் என்ன செய்வான் என்று எனக்குத் தெரியாது, அவ்வளவுதான். அவனுக்கும் தெரியாது.

போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவனுக்கு ஒரு போன் வந்தது. எழுந்து வெளியே போவான் என்று பார்த்தேன். போகவில்லை. ஸ்பீக்கரில் போட்டு என் பக்கம் தள்ளிவிட்டு, ரசம் ஊற்றச் சொன்னான். யாரோ கம்பெனிப் பையன், ஷிப்ட் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டான். பேச்சு முடிகிற வரைக்கும் நான் கேட்டேன். முடிந்ததும் போனை எடுத்து, அதற்கு முன்னால் யார் யார் கூப்பிட்டார்கள் என்று பார்த்தேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, மேலே தள்ளினால் போன மாதத்ததும் வரும் அண்ணி என்றான். தள்ளினேன்.